கிட்டாரின் ஈரச் சத்தம்

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது திருவள்ளூரில், ஒரு தையல் கடை ரேடியோவில். அறுபதுகளின் நடுவில் இருக்கும். பள்ளி இறுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மாவின் ரவிக்கையை வாங்கப் போனபோது கடைக்காரர் இலங்கையிலிருந்து வரும் ஆங்கில ஒலிபரப்பைத் திறந்து வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மிஷினை மிதிக்க ஒரு தாளம் இருந்தால் போதும் என்று வைத்திருப்பார். பாடுகிறவர் யாரும் இல்லை. ஒரு கிட்டார் மட்டும் வேகமாக நடுங்கிக்கொண்டே மேலிருந்து கீழே சரிந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் சொட்டுச் சொட்டாக ஏதோ வழிந்தது. தண்ணீருக்கு உள்ளே உட்கார்ந்து வாசிக்கிறார்களோ என்று தோன்றியது.

கிட்டார் எனக்குப் புதிதல்ல. எங்கள் சர்ச்சில் ஒன்று இருந்தது. பாடற்குழுப் பெண்கள் எல்லோரும் மாறி மாறி அதைத் தட்டிப் பழகினோம். அதில்தான் விரல் கன்றிப்போகும் அளவுக்கு அந்தச் சரிவைத் தேடினேன். சுரங்கள் கிடைத்தன. அந்த ஈரம் மட்டும் கிடைக்கவில்லை.

என் கணவரிடம் இதைச் சொன்னது கல்யாணமான புதிதில். அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ஆலையில் எலெக்ட்ரீஷியன். வேறு யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர், "ஈரமா? எப்பிடி ஈரம்? பாடிக் காட்டு" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் முனகிக் காட்டினேன். அன்றிலிருந்து அது அவருடைய வேலையும் ஆகிவிட்டது.

சென்னையில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற எலெக்ட்ரிக் கிட்டாரை அவர் வாங்கி வந்தார். அதன் பெட்டிக்குள் ஓர் அமெரிக்கப் பத்திரிகை மடிந்து கிடந்தது. அதில் ஒரு படம்: மலை மாதிரி எழுந்த அலையின் மேல் ஒரு பையன் பலகையில் நின்றுகொண்டிருந்தான். "இன்னாமே இது? கட்டுமரத்துல நம்மாளுங்க நிக்காததா?" என்றார் அவர். அகராதியை வைத்துக்கொண்டு நான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இப்படி அலையேறும் பையன்கள் கூடுகிற கொட்டகைகளில் பிறந்த வாசிப்பாம் அது. அலைக்கு அடியில் மாட்டிக்கொண்டவனுக்குக் கேட்கும் இரைச்சலைக் கிட்டாரில் கொண்டுவரப் பார்த்தார்களாம். அதில் பேர் வாங்கிய ஒருவரின் முன்னோர் அரபு தேசத்துப் பக்கத்திலிருந்து போனவர்கள். அங்கே ஒரு வகை வீணையை மேலும் கீழுமாக விடாமல் மீட்டுவார்கள். அந்தக் கையைத்தான் அவர் கிட்டாருக்குக் கொண்டுவந்தாராம். ஈரம் எங்கிருந்து வந்தது என்பதும் அதில் இருந்தது. ஒரு பெட்டிக்குள் ஸ்பிரிங் கம்பிகளைக் கட்டி, சத்தத்தை அவற்றின் வழியாக அனுப்பி எடுக்கிறார்கள். வீட்டில் வைக்கும் ஆர்கனுக்கு சர்ச்சில் வாசிப்பதுபோல எதிரொலி வேண்டும் என்பதற்காக முதலில் செய்த ஏற்பாடாம். சர்ச்சின் எதிரொலிதான் கடலாகியிருக்கிறது என்றதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அவர் ஒரு மரப்பெட்டி செய்தார். உள்ளே மெல்லிய ஸ்பிரிங்குகள், ஒரு முனையில் சின்ன ஸ்பீக்கரின் அதிரும் தாள், மறுமுனையில் கிராமபோன் முள். பழைய வால்வு ரேடியோவோடு இணைத்தார். பல நாள் வெறும் கொர்ரென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வந்து நான் தந்தியைத் தொட்டேன். சத்தம் நனைந்து வந்தது. "இன்னொரு தபா" என்றார் அவர்.

அதற்குள் அந்தச் சத்தம் எங்களைத் தேடியும் வந்துவிட்டது, டென்ட் கொட்டாய் சினிமா வழியாக. ஒரு படத்தில் வில்லனின் குகை. இன்னொன்றில் கிளப் டான்ஸ். கூந்தலை விரித்துப்போட்டு, பாதி உடம்பு தெரிய ஒருத்தி மேசை மேல் ஏறுவாள். அப்போது சரியாக அந்தக் கிட்டார் நடுங்கும். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். பெண்கள் பக்கம் தலையைக் குனிந்துகொள்வார்கள். நானும் குனிந்தேன், ஆனால் காது மட்டும் குனியவில்லை. யார் இதை வாசித்திருப்பார்கள், எந்தத் தந்தியில் தொடங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார், "இன்னா, வாயப் பொளந்துகினு பாக்குற?" என்று தொடையில் கிள்ளினார். முகம் தீயாகச் சுட்டது. நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது கடல் அல்ல, இந்த டான்ஸ்காரியின் சத்தம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தே வைத்தேன்.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் திருவள்ளூர்ப் பக்கம் வயல் வேலை செய்தவர். ஆண்டையின் களத்தில் நின்று பேசும்போது அவருடைய கைகள் தாமாகக் கூம்பிக்கொள்ளும். துண்டு கக்கத்துக்குப் போகும். சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் சொல்லி, ஆலையில் கம்பிக்கட்டுகளை லாரியில் ஏற்றும் பிரிவில் நைனாவுக்கு வேலை கிடைத்தது. காக்கி சட்டை கொடுத்தார்கள். அதை முதல்நாள் போட்டுக்கொண்டு, "இங்க எவனாண்டயும் கை கட்ட வேணாம்மா. மணி அடிச்சா வேல, மணி அடிச்சா ஊடு" என்றார். எங்களோடுதான் இருந்தார். நான் வாசிக்கும்போது வாசலில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். நல்லா இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆலையில் கச்சேரி வைத்தார்கள். மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம், பொரி கடலை, கலர்த்தாள் தோரணம். தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. சென்னையிலிருந்து வந்த மெல்லிசைக் குழுவில் கிட்டார்காரர் மட்டும் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். என் கணவருக்குக் காலடியில் சக்கரம் முளைத்தது போலாகிவிட்டது. மேடைக்கு ஓடினார், என்னிடம் ஓடி வந்தார்.

"ஒரே ஒரு பாட்டு. பெட்டிய எடுத்தாந்துட்டேன்."

"எனக்கு வெக்கமா கீது. வேணாங்க."

"இன்னாத்துக்கு வெக்கம்? நம்ம ஆளுங்க முன்னாடிதானே?"

நான் ஏறினேன். கட்டாயப்படுத்தினார் என்று சொன்னால் அது பொய். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறும்போது எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அத்தனை பெரிய ஸ்பீக்கரில் என் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

அது வந்தது. தகரக் கூரை முழுக்க நனைந்தது மாதிரி ஒரு சத்தம். குழந்தைகள் பேசுவதை நிறுத்தின. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு விசில். அவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்ட இடம் ஒன்றுதானே! ஒரு விசில் பத்தாயிற்று. நைனாவின் ஏற்றும் பிரிவு இளைஞன் ஒருவன், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"டான்ஸ் ஆடறவ எங்கடா?"

"அவளே ஆடுவா, பாருடா!" என்றான் இன்னொருவன். சிரிப்பு கூரையில் போய் மோதியது.

நாற்காலி மேல் நின்றவனை நைனா இழுத்துக் கீழே தள்ளி அறைந்தார். நான் மேடையிலிருந்து பார்த்தேன். நாற்காலிகள் சரிந்தன, யாரோ ஓடிவந்து மேடைக் காலில் இடித்தார்கள். மரப்பெட்டி கவிழ்ந்தது. ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி, ஸ்பீக்கர் வழியாக இடி விழுந்ததுபோல் ஒரு வெடிச் சத்தம். குழந்தைகள் வீறிட்டன. முதல் வரிசையிலிருந்த முதலாளி குடும்பம் எழுந்து நின்றது. இத்தனைக்கும் நடுவில் என் வலக்கை நிற்கவில்லை. மேலும் கீழுமாக அது தன் பாட்டுக்கு மீட்டிக்கொண்டே இருந்தது. என் கணவர் வந்து பிளக்கைப் பிடுங்கியபோதுதான் நின்றது. அந்தச் சில நொடிகளை இப்போது நினைத்தாலும் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் நைனா நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வேலைக்குப் போனார். மதியச் சோற்றை நானே எடுத்துக்கொண்டு போனேன். வாயிற்கதவுக்கு உள்ளே, காவலாளியின் அறைக்குப் பக்கத்தில், சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கன்னம் வீங்கிய அந்த இளைஞன். எதிரே நைனா. காக்கி சட்டையில் கை கூப்பி நின்றார்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா" என்றார் சூப்பர்வைசர்.

"தப்புதான், சாமி. மன்னிச்சிருங்க" என்றார் நைனா. தன் பிள்ளை வயதுக்காரனைப் பார்த்து.

அந்த இளைஞன் தலையைத் திருப்பிக்கொண்டான். நைனாவும் திரும்பினார். நான் தூக்குச்சட்டியோடு நிற்பதைப் பார்த்துவிட்டார். கூப்பிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் நுழைக்கப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு வந்த?" என்றார் கிட்டே வந்து. குரல் கடுகடுப்பாக இருந்தது. "உன்ன யாரு வரச் சொன்னா? போ, ஊட்டுக்குப் போ."

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போனார். கை கூப்பியது அவருக்குப் பெரிதில்லை, நான் பார்த்ததுதான் பெரிது என்பது எனக்குப் புரிந்தது. திரும்பி நடக்கும்போது எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிள்காரரும் என்னைத்தான் பார்ப்பதாகப் பட்டது. ஒருவேளை பார்க்கவே இல்லையோ என்னவோ.

கிறிஸ்துமஸுக்குக் கிட்டார் எடுத்து வரவேண்டாம் என்று சர்ச்சிலும் பக்குவமாகச் சொன்னார்கள். "ஜனங்க ஒரு மாதிரி பேசிக்கினு கீறாங்கம்மா" என்றார் போதகரின் மனைவி. சரி என்றேன். எதிரொலியே சர்ச்சிலிருந்து வந்தது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். கிட்டாரை அதன் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என் கணவருக்கும் எனக்கும் அதனால் எத்தனையோ சண்டை. "நீ இன்னா தப்பு செஞ்ச?" என்று கேட்பார். தப்பு செய்யாதவளுக்கு இப்படிக் கூசுமா என்று நான் கேட்பேன்.

வருஷங்கள் போயின. அந்தச் சத்தம் கிளப்பை விட்டு மெல்ல வெளியே வந்தது. கதாநாயகன் மலைப்பாதையில் ஜீப் ஓட்டினான், அந்தக் கிட்டார் வந்தது. நல்ல வீட்டுப் பெண் மாடியில் நின்று காத்திருந்தாள், அதற்கும் வந்தது. எங்கோ அலையேறிய பையன்களின் நடுக்கம், ஊருக்கு ஊர் முளைத்த மெல்லிசைக் குழுக்களின் கையில் கல்யாணப் பந்தல் வரை வந்துவிட்டது. கிட்டார் இல்லாத வரவேற்பு மதிப்பில்லை என்றானது. நான் பந்தியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், நைனாவிடம் அறை வாங்கிய அந்த இளைஞன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனும் நைனாவும் இன்னும் அதே பிரிவில்தான், இப்போது ஒரே லாரியில் கம்பி ஏற்றுகிறவர்கள். அவனுக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்கை நைனாவின் கையில் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எக்கா, எங்க குப்பத்துலயே ஒரு செட்டு கீது. கிட்டாரு அடிக்கிற பையனுக்கு ஒண்ணும் வரல, பேஜாராப் போச்சு. நீ வந்து வாசிக்கணும்க்கா. அந்த அல மாதிரி ஓடுமே, அத்த."

அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டதா, மறந்ததுபோல வந்தானா, தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் கேட்டு முடிப்பதற்குள் எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. வாயெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நைனா வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். இவன் முன்னாலா அவர் கை கூப்பி நின்றார், இவன் கூப்பிட்டா எனக்கு இத்தனை ஆனந்தம்? அந்தச் சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன். மேடையில் சிரித்தார்களே, அதைவிட இது என்னைக் கூசவைத்தது.

"நைனா?" என்றேன்.

அவர் வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "போறதுன்னா போ. எனக்கு ஷிப்டு கீது" என்றார்.

போனேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பந்தல். என் கணவர் பெட்டிக்குப் புது ஸ்பிரிங் போட்டிருந்தார். குப்பத்துப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, மீன் வாசனையோடும் மல்லிகை வாசனையோடும், என் கையையே பார்த்தார்கள். விசில் அடித்தார்கள், ஆமாம், அதே விசில்தான். ஆனால் இந்த முறை பெண்களும் அடித்தார்கள். மணமகன் மாலையோடு எழுந்து வந்து மேடைக்கு முன்னால் ஆடினான். என் கழுத்து வரை வெட்கம் ஏறி நின்றது, கை மட்டும் ஓடியது. கேட்டதையெல்லாம் வாசித்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வீடு திரும்பினோம். நைனா ஷிப்டு முடிந்து வந்து, காக்கி சட்டையைக் கழற்றாமலே பாயில் படுத்திருந்தார்.

"நல்லா சோறு போட்டானா?" என்றார்.

"போட்டான் நைனா."

"இன்னா கொழம்பு?"

"எறா."

"ம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கிட்டாரை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.