தக்காளிக்குக் கட்டிய மழைப்பாவாடை

பொறுமை என்பது வீட்டில் மற்றவர்களுக்கு இருக்க வேண்டிய குணம் என்று நான் நினைத்திருந்த வயது. புயல் ஓய்ந்த காலையில், புறவாசலில் அம்மா வளர்த்த பத்துத் தக்காளிச் செடிகளும் சேற்றில் படுத்துக் கிடந்தன. எல்லாம் பூவெடுத்த செடிகள். ஒடிந்த கிளைகளை வெட்டி எறிந்துவிட்டு, பிழைக்கும் என்று தோன்றிய ஆறு செடிகளை மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்புகளில் பழைய சேலைக் கிழிசலால் கட்டி நிமிர்த்தினாள். முதல் பழங்களை அறுப்பின் பண்டிகைக்கு சர்ச்சில் படைப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். எதற்காக என்று சொல்லவில்லை. கல்ஃபிலிருந்து அப்பா வருவதற்காகத்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல் தேய்க்கும்போது ஒருமுறை, பள்ளிவிட்டு வந்ததும் பையை இறக்காமல் ஒருமுறை, சோற்றுக்கு நடுவே கையைக் கழுவிக்கொண்டு ஒருமுறை என்று ஓடி ஓடிப் பார்த்தேன். மழை விடுவதாக இல்லை. ஒருநாள் அடியிலைகளில் வட்டவட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அம்மா அந்த இலைகளைக் கிள்ளி அடுப்பில் போட்டாள். எனக்கு அது போதவில்லை.

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் மாமா, அம்மாவின் தம்பி, மழைக்காலத்தில் மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார். வெட்டிய இடத்தில் தண்ணீர் இறங்காது. அவர் போட்டுவிட்டுப் போன மிச்சப் பிளாஸ்டிக்கால் ஆறு செடிகளையும் தலைமுதல் கால்வரை சுற்றிக் கட்டினேன். மாமாதான் கட்டச் சொன்னார் என்று ஒரு பொய்யும் சொன்னேன். தன் தம்பி சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சில்லை.

நாலாம் நாள் மாமாவே வந்து பிரித்தார். உள்ளே இலைகள் புழுங்கிக் கறுத்திருந்தன.

“ஏட்டி, ரப்பருக்குப் பட்டையில கட்டுவாவ. தக்காளிக்குக் காத்து வேண்டாமா?” என்றாள் அம்மா. அடிக்கவில்லை. அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாலு செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தாள். மற்ற இரண்டுக்கும் நோய் பரவாமலிருக்க மாமா துரிசு என்ற மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து தெளித்தார். அப்பாவின் விமானத்தையே நான் தரையில் தள்ளிவிட்டதுபோல் பயந்து, அந்த இரண்டின் பக்கமே போகாமல் நாட்களைக் கடத்தினேன்.

பண்டிகைக்கு ஐந்து பழங்கள் தேறின. தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், அப்பா எப்போது வருவார் என்று கேட்டேன்.

“வரல்ல மக்கா. கம்பெனியில ஆளக் குறைச்சாவ. அப்பாவ மட்டும் வேலையில வச்சுக்கிட்டாவ. அந்த வேல போவாம இருக்கத்தான் நேர்ந்தேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த இரண்டு செடிகளும் செத்திருக்கலாம் என்று நினைத்தேன். கூரையில்லாமல் பாதியில் நின்ற எங்கள் புதுவீட்டுச் சுவரைக் கடந்து சர்ச்சுக்கு நடந்தோம். வழியெல்லாம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நேர்ந்தபடியே நடந்த பிறகும் ஒருத்தி எதற்கு அழவேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.