தபாலில் வைத்தியம் படித்த எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் ஓடைப்பட்டியில் அவரோடு வளர்ந்தவர்கள். மீதிப் பேர் மேகமலை எஸ்டேட்டில் அவர் கையால் மருந்து வாங்கிக் குடித்தவர்கள். கருமாதிக்கு மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அண்ணன் மதுரையில் ஐந்து வருடம் தங்கி டாக்டருக்குப் படித்தவர் என்று அவர்கள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். "நான் டாக்டர் இல்ல, உதவியாளர்தான்" என்று அண்ணன் இருபது வருடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அடக்கத்தினால் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

உடன்பிறந்த ஒரே தங்கை நான்தான். அதனால் உண்மையை எழுதிவைக்க வேண்டியதும் நான்தான். அண்ணன் வைத்தியம் படித்தது எங்கள் வீட்டின் பின்கட்டில், திராட்சைக்கு அடிக்கிற மருந்துத் தெளிப்பானும் மயில்துத்தமும் வைத்திருந்த அறையில். அவருடைய கல்லூரி மாதம் ஒருமுறை தபால்காரரின் சைக்கிளில் வந்தது.

இன்னொரு உண்மையும் உண்டு. அண்ணனுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வந்துவிடும்.

ஓடைப்பட்டியில் திராட்சை விவசாயக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர். எஸ்.எஸ்.எல்.சி.யை முதல் முறையிலேயே தேறினார். பெரியவர்களிடம் அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு என்றால் மட்டும் அவரைத் தேட வேண்டியிருக்கும். ஒரு வருடம் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் நிறுத்தினார். கிடாயின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உத்தரவு தருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கிடா சிலிர்ப்பதற்குள் அண்ணன் சாய்ந்துவிட்டார். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் முகத்தில் தெளிக்க வேண்டியதாயிற்று.

"ஏலே, கிடாயே தைரியமா நிக்குதுடா!" என்றார் அப்பா.

அப்படிப்பட்டவர் வைத்தியம் படிக்கப் போனதற்குக் காரணம் மதினிதான். சின்னமனூரில் ஒரு கல்யாணத்தில் மதினியைப் பார்த்த நாளிலிருந்து அண்ணன் தோட்டத்தில் காய்ந்த கொடியை விட்டுவிட்டுப் பச்சைக் கொடியை வெட்ட ஆரம்பித்தார். விஷயம் புரிந்து, அப்பா பெண் கேட்டுப் போனார். மதினியின் தகப்பனார் அப்போது மேகமலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. அவர் நறுக்கென்று சொல்லிவிட்டார்.

"தோட்டத்த நம்பிப் பொண்ணக் குடுக்க முடியாது. ஒரு மழை பேஞ்சா பழம் போச்சு. எங்க மருந்துக்கூடத்துல இருக்கவரு ஓய்வு பெறப் போறாரு. சர்ட்டிபிகேட்டு உள்ள ஆளாக் கேக்குறாக. மாப்பிள்ள அதைக் கொண்டாரட்டும். வர்ற வருஷம் சித்திரை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல, கூடலூர்ல ஒரு வாத்தியார் மாப்பிள்ள கேட்டுக்கிட்டே இருக்காக."

அந்த வாரமே அண்ணன் பத்திரிகையிலிருந்து ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தபடியே படித்து மருத்துவ உதவியாளர் ஆகலாம், பாடங்கள் தபாலில் வரும் என்று போட்டிருந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்தார்.

"கிடா வெட்டுக்கே சாஞ்ச பய, நீ வைத்தியம் படிக்கப் போறியாக்கும்?"

"தபால்ல ரத்தம் வராதுல்லப்பா" என்றார் அண்ணன்.

பாடங்கள் வந்தன. அண்ணன் விழுந்து விழுந்து படித்தார். தோட்டத்துக்கு மருந்து அடிக்கும்போது உடம்பிலுள்ள எலும்புகளின் பெயர்களை உரக்கச் சொல்லுவார். வரப்பில் போகிறவர்கள், அவர் ஏதோ மந்திரம் சொல்லிப் பூச்சியை விரட்டுவதாக நினைத்தார்கள். கட்டுப் போடும் பாடம் வந்ததும் அம்மாவின் பழைய சேலைகள் எல்லாம் நாடாக்களாகக் கிழிந்தன. எனக்கு அப்போது பதினாறு வயது. தலையில் கட்டோடு குழாயடிக்குப் போவேன். "ஆத்தா, மண்டையில என்னடி ஆச்சு?" என்று கேட்பார்கள். "பாடம் மூணு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை வைப்பேன்.

பாடம் நான்கு, கை முறிந்தவருக்குத் தூளிக்கட்டு. அதற்கு அப்பாவை உட்கார வைத்து அண்ணன் வலது கையைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பழம் ஏற்ற லாரி வந்துவிட்டது. அப்பா கட்டோடு எழுந்து ஓடி, லாரியில் ஏறிச் சின்னமனூர் போய்விட்டார். மார்க்கெட்டில் ஒருவர் "என்ன மாமா கையி?" என்று கேட்ட பிறகுதான் அப்பாவுக்கே நினைவு வந்தது. மகன் தன்னை வைத்துப் படிக்கிறான் என்று நாலு பேர் மத்தியில் சொல்லக் கூச்சப்பட்டு, "வரப்புல வழுக்கிருச்சு" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே போடியிலிருந்து சொந்தக்காரர்கள் பன்ரொட்டியும் சாத்துக்குடியுமாக விசாரிக்க வந்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் கம்பத்திலிருந்து. கட்டை அவிழ்க்க வழியில்லாமல் போயிற்று. எட்டு நாள் அப்பா அந்தத் தூளிக்கட்டோடு இருந்தார். எட்டு நாளும் அம்மாதான் ஊட்டிவிட்டார்.

"எலும்பு முறிஞ்சிருந்தா நாட்டுக்கட்டுப் போட்டு ஆத்திரலாம். பொய்க்கு என்ன கட்டுப் போட?" என்று அம்மா ஒவ்வொரு உருண்டைக்கும் கேட்டார்.

எழுத்துப் பாடங்களில் அண்ணனுக்கு எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். சிக்கல் செய்முறையில் வந்தது. பதிவு பெற்ற டாக்டர் ஒருவரின் முன்னிலையில் ஐம்பது காயங்களுக்குக் கட்டுப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் பங்குனியில் மதுரையில் தேர்வு. அண்ணன் சின்னமனூர் டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டார். அவரும் சரியென்றார்.

முதல் நாள், அரிவாள் பட்ட காலோடு ஒருவர் வந்தார். அண்ணன் குனிந்து பார்த்தார். அடுத்த நிமிடம் மேஜை விளிம்பில் நெற்றி இடிக்கக் கீழே கிடந்தார். டாக்டர் இருவருக்கும் தானே கட்டுப் போட்டார். பிறகு நோட்டை வாங்கி, நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அண்ணனின் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஏப்பா, இந்தப் படிப்ப நீ படிக்கப் போறியா, இல்ல உன்னைய வச்சு மத்தவுக படிக்கணுமா?" என்று கேட்டாராம்.

தை மாதம் வரை நோட்டில் நான்கு பதிவுகள்தான் ஏறின. அதில் இரண்டு அண்ணனின் நெற்றி. டாக்டர் அவர் விழுவதற்கென்றே ஒரு பெஞ்சை ஒதுக்கிப் போட்டுவிட்டார். அண்ணன் சாப்பாட்டைக் குறைத்தார். எலும்புகளின் பெயர் தோட்டத்தில் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டி, "பழம் வெட்டிட்டுப் போறப்ப தபால்ல போட்ரு" என்றார். ஒட்டாத கடிதம். படித்துப் பார்த்தேன். படிப்பைத் தொடர இயலவில்லை, பெயரை நீக்கிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார். மதினியைக் கூடலூர் வாத்தியாருக்கு எழுதிக் கொடுத்தது மாதிரி இருந்தது எனக்கு. அதை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

மனம் அதிலேயே இருந்தது. பந்தலுக்குக் கீழே குலை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியை என் இடது உள்ளங்கையிலேயே ஆழமாக இறக்கிவிட்டேன். கூடை சுமந்த ஆட்கள் எல்லாம் ரோட்டுக்குப் போயிருந்தார்கள். கையைப் பொத்தி இடுப்போடு அழுத்திக்கொண்டு கத்தினேன். பக்கத்துப் பந்தலிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். வந்தவர் பார்த்தார். அவர் உதடு வெளுப்பதைக் கண்டேன். இவரும் விழுந்தால் எங்கள் இருவரையும் பார்க்க யாருமில்லை.

"அண்ணே, கீழ பாக்காத! என் மூஞ்சியப் பாரு!"

"பாக்குறேன்."

"விழுந்துறாத. ஏதாச்சும் பேசு."

"என்னத்தப் பேச?"

"பாடத்தச் சொல்லு!"

"பாடம் ஆறு. காயமடைந்தவரை அமரச் செய்க."

"உக்காந்துட்டேன். மேல சொல்லு."

"காயமுற்ற பகுதியை உயர்த்திப் பிடிக்க. தூய துணியால்..."

தோளில் கிடந்த துண்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அவர் கண் என் கண்ணை விட்டு நகரவில்லை. விரல்கள் தாமாகவே மடித்தன, அழுத்தின, சுற்றின, முடிச்சுப் போட்டன. எங்கள் தலையிலும் காலிலும் நூறு தடவை கட்டிப் பழகிய விரல்கள் அல்லவா? பாடம் ஆறு முடியும்போது கட்டும் முடிந்திருந்தது.

சின்னமனூரில் டாக்டர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு கட்டுனது?" என்றார். அண்ணனைக் காட்டினேன். டாக்டர் பெஞ்சைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கியா?" என்றார். ஐந்தாவது பதிவு என் பெயர்.

வீடு திரும்பியதும் கடிதம் நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தால் முழுவதும் ரத்தம். அண்ணனிடம் நீட்டினேன். அவர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"தபால்ல ரத்தம் வராதுன்னு சொன்னியேண்ணே, இத எப்படிப் போட?" என்றேன்.

அது அடுப்புக்குப் போயிற்று. இரண்டு மாதத்தில் ஐம்பதும் நிறைந்தது. மதுரையில் தேர்வு நடத்தியவர், "காயத்தைப் பார்க்காமல் எங்கே பார்க்கிறீர்?" என்று கேட்டாராம். "வலி இங்கனதான் சார் தெரியும்" என்று அண்ணன் நோயாளியின் முகத்தைக் காட்டினாராம். பயத்தில் வந்த பதில். தேர்வாளருக்கு அது தெரியாது. பதிவுத் தபாலில் சர்ட்டிபிகேட் வந்தது. சித்திரை முடிய நான்கு நாள் இருக்கும்போது மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அண்ணனுக்கு வேலை கிடைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். ரத்தத்துக்குப் பயந்த மனிதரைக் கடவுள் அட்டைப்பூச்சிகள் நிறைந்த மலைக்கு அனுப்பினார். மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் காலெல்லாம் ரத்தம் வழிய வந்து வரிசையில் நிற்பார்கள். எந்தக் காயமானாலும் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பார்வை பார்ப்பார். ஆழம், நீளம், மண் இருக்கிறதா என்பதையெல்லாம் அதற்குள் பார்த்துவிடுவார். உடனே பஞ்சால் மூடிவிடுவார். பிறகு முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். வீட்டில் என்ன குழம்பு, மகன் கடிதம் போட்டானா, எஸ்டேட் கொடுத்த லைன் வீடு ஒழுகுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் கை வேலையை முடித்துவிடும். தன்னால் முடியாததை ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டார். ஜீப்பில் ஏற்றிச் சின்னமனூருக்கு அனுப்பிவிடுவார், பெரும்பாலும் தானும் கூடவே போவார்.

கருமாதியன்று ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மத்தவுக புண்ணப் பாப்பாக தாயி. நம்ம ஐயா ஆளப் பாப்பாக." பயத்தில் தொடங்கிய பழக்கம் எந்த வருடம் அக்கறையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. பயம் கடைசிவரை போகவில்லை என்பது தெரியும்.

எனக்குக் கல்யாணமாகித் தேனிக்கு வந்து ஒரு மகன் பிறந்த பிறகு, அந்த வீட்டில் பயப்படுகிற ஆள் நானாகிவிட்டேன். பையன் இரண்டு தடவை தும்மினால் மலைக்குக் கடிதம் போடுவேன். அண்ணனின் பதில் தபால் வழிப் பாடமாகவே வரும். முதல் கடிதம் "பாடம் ஒன்று: முதலில் தாயார் உட்கார வேண்டும்" என்று தொடங்கியது. ஒவ்வொன்றின் கடைசியிலும் கேள்விகள் இருக்கும். பையன் விளையாடுகிறானா? சாப்பிட்டானா? இரண்டுக்கும் ஆம் என்றால் நீ தேர்ச்சி. கடிதம் மலையிறங்கி வருவதற்குள் காய்ச்சல் போயிருக்கும். ஆனாலும் பதில் எழுதி அனுப்புவேன். மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார். பாடம் நாற்பத்தொன்று வரை என்னிடம் இருக்கிறது.

போன வருடம் இருதயக் கோளாறு என்று அண்ணனை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸ் ரத்தம் எடுக்க வந்ததும் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருவது வருஷம் மருந்துக்கூடத்துல இருந்தவுகளா நீங்க?" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"அது அடுத்தவுக ரத்தம்மா" என்றார்.

நான் குழாய்களையும் பாட்டில்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கையசைத்துக் கூப்பிட்டார். "அதையெல்லாம் பாக்காத. என் மூஞ்சியப் பாரு" என்றார். பார்த்தேன்.

"பையன் வெளையாடுறானா?"

அவனுக்குப் பதினேழு வயது, பக்கத்தில்தான் நின்றான். "வெளையாடுறான்ணே."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"நீயி?"

"சாப்பிட்டேன்."

"மூஞ்சி இல்லைங்குது. போ, ரெண்டு இட்லி தின்னுட்டு வா."

போய்த் தின்றுவிட்டு வந்தேன். முகத்தைப் பார்த்தார். "ம், பாஸு" என்றார். மறுநாள் காலையில் அவர் போனபோது நான் வேறெதையும் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பயம் இல்லை.

அண்ணனைத் தரையில் விழவும் விடாமல் விரட்டவும் செய்யாமல் பெஞ்சு போட்டு வைத்த சின்னமனூர் டாக்டருக்கும், இரவு பகல் பாராமல் ஜீப் ஓட்டிய எஸ்டேட் நண்பர்களுக்கும், மதினியைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளும் லைன் வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அப்பாவின் முறியாத கைக்குப் பன்ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுவந்த போடி, கம்பம் உறவினர்களிடம் இத்தனை வருடம் கழித்து மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வருடமாகத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்துவிடுகிறேன். கேள்விகள் வருவதில்லை. பதிலை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். பையன் விளையாடுகிறான். சாப்பிடுகிறான். தாயார் உட்கார்ந்துதான் இருக்கிறாள், அண்ணே.