முளைப்பாரிக்குக் கொடுத்த மண்

என் தங்கை சுகந்தினி ரப்பர் பால் வெட்டப் போகிறவள். யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், அவளுடைய வாசலை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உரச் சாக்கு, பெயின்ட் வாளி, உடைந்த பேசின் என்று கிடைத்ததிலெல்லாம் கத்தரியும் கறிமிளகாயும் நிற்கிற வாசல் அவளுடையது. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் டிவிஷனில் அப்படி வேறு யாரும் வளர்த்ததில்லை.

செடியை வளர்ப்பதைவிட மண்ணைச் சேர்ப்பதுதான் அவளுக்குப் பெரிய வேலை. லயத்தைச் சுற்றிக் கல்லும் செம்மண்ணும்தான். வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் செங்கல்லாக இறுகிவிடும். கடை உரம் விலை ஏறிய பிறகு அவள் அந்தப் பக்கம் போவதில்லை. தேங்காய்த் தும்பு மில்லில் ஒதுக்கிப் போடும் தும்புத்தூளைக் கொண்டுவந்து, கறை போகும் வரை அலசுவாள். சாப்பாட்டுக் கடையில் முட்டைக் கோது வாங்கிக் காயவைத்துப் பொடிப்பாள். அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடமாட்டாள். மாட்டுச் சாணத்துக்குத்தான் திண்டாட்டம். லயத்தில் இப்போது யார் மாடு வைத்திருக்கிறார்கள்?

அதனால் கோழிப் பண்ணை மர்சூக் நானாவிடம் போனாள். கொட்டிலைக் கூட்டிக் கொடுத்தால், கோழி எச்சம் கலந்த மரத்தூளை அவர் சும்மா தருவார்.

"தங்கச்சி, இது நெருப்பு. உள்ளுக்குச் சூடு இருக்கிற வரைக்கும் செடிக்குக் காட்டாதீங்க" என்றார்.

"உங்க கோழிக் கறியவிடச் சூடா நானா?"

"கறியச் சோத்தோட சாப்பிடலாம். இதச் சாப்பிட்டா செடி மவுத்தாப் போயிரும்."

முதல் குவியலைச் சொன்னபடி மக்க வைத்தாள். கத்தரி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. இரண்டாவது குவியலில் அவசரப்பட்டுவிட்டாள். மேலே கை வைத்தாள், ஆறியிருந்தது. உள்ளே கிளறிப் பார்க்காமல் மண்ணோடு கலந்து சாக்கில் கட்டினாள்.

அந்த நேரத்தில்தான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். லயத்தில் அடுத்த அறையான காம்பராவில் இருக்கும் ஜெயம்மாக்கா சட்டியோடு வந்தார். அவருடைய மகள் நிரோஷாவுக்கு முதல் கரு தங்கவில்லை. இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். அவளுக்காக முளைப்பாரி போடுவதாக அக்கா நேர்ந்திருந்தார். சுத்தமான மண்ணும் காய்ந்த மாட்டுச் சாணமும் போட்டு, பயறு விதைத்து, விரதமிருந்து வீட்டுக்குள் வளர்த்துக் கோயிலுக்குச் சுமந்து போவது எங்கள் வழக்கம். முளை செழித்தால் நேர்ந்தது நடக்கும் என்று நம்புவோம்.

"சாணம் எங்கயும் கெடைக்கல புள்ள. ஒன் மண்ணுல வெளக்கமாத்த நட்டாலும் காய்க்குது. ஒரு சட்டி குடேன்" என்றார் அக்கா.

அந்தப் பேச்சு சுகந்தினிக்கு இனித்தது. சாக்கை அவிழ்க்கும்போதே கோழி எச்சம் நினைவுக்கு வந்ததாம். சொன்னால் அக்கா வேண்டாம் என்று போய்விடுவார். பேசாமல் அள்ளிக் கொடுத்தாள்.

பயறு முளைத்தது. பிறகு நுனி கருகி, சாய்ந்து, அழுகிப் போனது. ஜெயம்மாக்கா முதலில் மறைத்தார். ஆனால் லயத்தில் எது மறையும்? தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெண்கள் பேசினார்கள். "வெரதத்துல ஏதோ கொற. இல்லாட்டி ஆத்தா இப்புடிக் காட்டுவாளா?" அதைக் கேட்ட நிரோஷா வந்து படுத்தவள்தான். இந்தக் கருவும் தங்காது என்று முடிவு கட்டிவிட்டாள். சோற்றைத் தொடவில்லை.

சுகந்தினி என்னிடம் ஓடி வந்தாள். தன் வாசலுக்குக் கூட்டிப் போய், மீதிக் குவியலுக்குள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். உள்ளே கொதித்தது.

"ஆத்தா இல்லண்ணே, நான்தான்."

"சொன்னா சும்மா விடுவாங்களா? அம்மன் சட்டியில கோழி எச்சம் போட்டவன்னு ஒதுக்கி வச்சிருவாங்க" என்றேன்.

"நிரோஷா சாப்பிடாமக் கெடக்கேண்ணே."

நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் துடைப்பத்தை எடுத்துவிட்டார்.

"கோழிப் பீயவாடி ஆத்தாவுக்குச் சொமக்க வச்ச? வெரதம் இருந்தேனேடி பாவி!"

சுகந்தினி நகரவில்லை. இரண்டு அடி வாங்கினாள். நான் நடுவில் போகப் பார்த்தேன், கையால் தடுத்துவிட்டாள். மூன்றாவது அடிக்கு ஓங்கிய அக்கா சட்டென்று உள்ளே திரும்பிக் கத்தினார்.

"அடியே நிரோஷா, எந்திரி! ஒனக்கு ஒன்னுமில்லடி. ஆத்தா கோவிக்கல. இந்த மூதேவி மண்ணுதான் சூடு!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தட்டில் சோறு போடும் சத்தம் கேட்டது.

"இனி என் வாசல மிதிக்காத" என்று அக்கா கதவைச் சாத்தினார்.

கோயிலில் இந்த வருஷம் சுகந்தினியைப் பூத்தட்டு எடுக்க வேண்டாம் என்றார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. வாளிகளுக்கு இப்போதும் மண் கலக்கிறாள், ஆனால் யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் வேலை விட்டு வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் என்னிடம்தான் வந்து கேட்கிறாள்:

"நிரோஷா இன்னைக்கிச் சாப்பிட்டுச்சாண்ணே?"