முத்துராஜ் கணுக்காலும் பொங்கல் மேட்சும்

மைதானத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆட்டம் பார்க்க வருவார்கள்; யார் விழுகிறார்கள் என்று பார்க்கவே வருகிறவன் நான் ஒருத்தன்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வாலிபால் மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து, வலை கட்டி, ஐஸ் பெட்டியும் பேண்டேஜுமாக ஓரத்தில் குந்தியிருப்பது என் வேலை. ஊர் ஊருக்கு என்னைப் போல ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சொந்தங்களே, ஆடத் துடிக்கிறவனைப் பிடித்து உட்கார வைக்கிற பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு சுற்று ஓடச் சொன்னது

எங்கள் டீமில் எல்லாரும் நிலக்கரிச் சுரங்கத்து மைன்ஸ்காரர்கள். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் நேராக வலைக்கு முன்னால் நின்று குதிப்பார்கள். மார்கழிக் குளிரில் உடம்பு விறைத்துக் கிடக்கும். ஒரு சுற்று ஓடிவிட்டு, காலை நீட்டி மடக்கிவிட்டு ஆடுங்கள் என்று கெஞ்சுவேன். கேட்கிற ஒரே ஆள் முத்துராஜ். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே முடி நரைத்தவர். இந்த வயசிலும் இடது மூலையில் எழும்பி அவர் அடிக்கிற அடி ஒன்றுக்காக டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வருவார்.

பந்து தூக்கிக் கொடுப்பவர் சேகர். சேத்தியாத்தோப்பு ஆள், வாய் கொஞ்சம் நீளம். முத்துராஜ் ஓடிக்கொண்டிருந்தால் இவர் வலைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு என்னைக் கேட்பார்: "அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயி நாள் பூரா படி ஏறி எறங்கிகினு இருக்கறோம், இதுக்கு மேல என்னாண்ணே வார்ம்-அப்பு?"

மீன் ஐஸ்

முத்துராஜுக்கு ஜனவரிக் கடைசியில் ரிட்டையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போக வேண்டும். பொங்கல் மேட்ச்தான் அவருக்குக் கடைசி ஆட்டம். டிசம்பரில் ஒரு நாள், ஏதோ ஆபீஸில் கையெழுத்துப் போட அலைந்துவிட்டுத் தாமதமாக வந்தார். எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஓட நேரமில்லை என்று அப்படியே உள்ளே இறங்கிவிட்டார். இரண்டாவது பந்துக்கு எழும்பினார். இறங்கும்போது வலது கால் உள்பக்கமாக மடங்கியது. உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் தேடினார்.

அன்றைக்குப் பார்த்து என் பெட்டியில் ஐஸ் கரைந்து போயிருந்தது. மார்க்கெட்டு மீன்கடைக்கு ஆளை விரட்டி ஒரு பை ஐஸ் வாங்கி வரச் சொன்னேன். துணியில் சுற்றிக் கணுக்காலில் வைத்து, காலைப் பந்து மூட்டைமேல் உயர்த்தி வைத்தேன். பேண்டேஜைச் சுற்றி, கால் ஊன்றாமல் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னேன். மறுநாள் கம்பு ஊன்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "கால் பரவால்ல அண்ணாச்சி. ஆனா ரெண்டு பூன வாசலை விட்டு நகர மாட்டேங்கு, பாத்துக்கிடுங்க."

மைன்ஸ் தண்ணீர்

சுரங்கத்துக்கு அடியிலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர் வெதுவெதுவென்று வரும். வாய்க்காலில் அது ஓடுகிற இடத்தில் உடம்பு வலிக்காரர்கள் காலை விட்டு உட்கார்ந்திருப்பார்கள். வலிக்குச் சரிதான். புதுசாகச் சுளுக்கின காலுக்கு அது ஆகாது. இது தெரியாமல் சேகர் முத்துராஜை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போய், வாய்க்காலில் காலை விடச் சொல்லி, எண்ணெய் போட்டு நன்றாக உருவியும் விட்டிருக்கிறார். பாசம்தான். பொங்கலுக்குள் சரியாகிவிட வேண்டுமென்ற அவசரம்.

காலையில் பார்த்தால் பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. மூன்று பேரும் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். அடிபட்ட முதல் சில நாள் சூடும் கூடாது, உருவவும் கூடாது என்று திட்டினார். சேகர் விடவில்லை. "எங்கூர்ல மாடு நொண்டனா அந்தத் தண்ணியிலதாங்க நிக்க வெப்போம்." டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "மாடு பொங்கலுக்கு வாலிபால் ஆடப் போறதில்லைங்களே."

தோள்பட்டை

அதற்கப்புறம் முத்துராஜ் தினமும் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சேகர் பந்தைத் தூக்கும்போதெல்லாம் இவர் தோள் ஒரு தரம் ஏறி இறங்கும். அவருக்கே தெரியாது. டாக்டரம்மா சொன்னபடி, காலால் காற்றில் வட்டம் போடுவார், சுவரைப் பிடித்து நுனிக்காலில் நிற்பார். வீக்கம் வடிந்தது, நடை வந்தது. அடிபட்ட காலை மட்டும் ஊன்றி, வலியில்லாமல் குதிக்க முடிகிற அன்றைக்குத்தான் ஆட்டம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மேட்ச் அன்றைக்கு டீம் பனியனோடு வந்துவிட்டார். ஷூவும் போட்டாயிற்று. "அந்த வலி ஸ்ப்ரேயை அடிச்சு இறுக்கிக் கட்டி விடுங்க அண்ணாச்சி. ஒரு செட்டுதான்." எனக்கும் ஆசை இல்லையா? அந்த அடியை இன்னொரு தரம் பார்க்க எனக்கும்தான் கண் பூத்துக் கிடந்தது. "ஸ்ப்ரே வலியைத்தான் மறைக்கும், ஜவ்வை ஒட்ட வைக்காது. முதல்ல குதிங்க" என்றேன். குதித்தார். முகம் சிரித்தது. ஆனால் கை பாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது. அவரே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். கூட வந்திருந்த அவர் சம்சாரம் பேச்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ஊருக்குப் போற லாரியில கட்டில் பீரோ ஏத்தவே எடம் பத்தாது, இவுகளையும் படுக்கப் போட்டுத் தூக்கிட்டுப் போவ முடியாது பாத்துக்கிடுங்க."

இடது மூலை

ஜெயித்தோம். ஆனால் எனக்கு நினைவிருக்கிறது அந்த ஒரு பந்துதான். இரண்டாவது செட்டில் சேகர் ஒரு பந்தை உயரமாக, அழகாக, இடது மூலைக்குத் தூக்கினார். முத்துராஜுக்குத் தூக்குகிற பந்து. அங்கே யாருமில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பந்து மெதுவாக இறங்கி மண்ணில் விழுந்தது. என் பக்கத்தில் பெஞ்சு ஆடியது. முத்துராஜ் பாதி எழுந்திருந்தார். எதிராளிக்குப் பாயிண்ட். பையன்கள் கத்தினார்கள். ஆட்டம் முடிந்து கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்ளும்போதும் சேகர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பக்கமே தூக்கிகினு போவுதுண்ணே. நான் என்னா பண்றது."

போன்

மாசக் கடைசியில் லாரி வந்தது. டீமே சேர்ந்து சாமான் ஏற்றியது. முத்துராஜை ஒரு தலையணைகூடத் தூக்க விடவில்லை. இப்போது அந்தக் குவார்ட்டர்ஸில் வேறு குடும்பம். வாசலில் சின்னச் சைக்கிள் நிற்கிறது. இடது மூலையில் ஒரு புதுப் பையன் ஆடுகிறான். நன்றாகத்தான் அடிக்கிறான். டீக்கடைக்காரர் கடையை விட்டு வருவதில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம், வலை கட்டிக்கொண்டிருக்கும்போது முத்துராஜிடமிருந்து போன் வந்தது. ஊர், வெயில், மழையில்லாதது எல்லாம் பேசினார். இங்கே யார் யார் ஆடுகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கால் எப்படி என்று கேட்டேன். "சுத்தமாச் சரியாயிட்டு அண்ணாச்சி, நேத்துக்கூட வரப்புல இருந்து குதிச்சுத்தான் எறங்குனேன். பந்து தூக்கிக் குடுக்கத்தான் இங்க ஆளில்ல."

ஆட வேண்டாமென்று நான் சொன்னது சரி என்று டாக்டரம்மா முதல் முத்துராஜ் வரை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், என் கைதான் அந்த இடது மூலைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிடுகிறது.