மேடு பள்ளமில்லாத ஒரே இடம்

மகளுக்கான உந்துவண்டி கப்பலில் வந்தது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவி, கார்கோவில் அனுப்பிய அட்டைப்பெட்டிக்குள் பால்பொடி டப்பாக்களுக்கும் சோப்புக் கட்டிகளுக்கும் நடுவில் அதை மடித்து வைத்திருந்தாள். சாம்பல் நிறம், வெயிலுக்கு இழுத்துவிட ஒரு குடை, தோளிலும் இடுப்பிலும் மாட்டும் பட்டை. பிரித்து நிமிர்த்தி, மகளை உட்கார வைத்தேன். அவள் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிளம்பலாம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

எங்கே கிளம்புவது? கல்குளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. ஏற்றம் இருக்கிறது, இறக்கம் இருக்கிறது. வீட்டு முற்றத்திலிருந்து ரோட்டுக்கு வரவே செங்குத்தான படிகள். ரோடு ரப்பர் தோட்டத்தை வளைத்துக்கொண்டு ஏறும், ஓடைப் பாலத்துக்கு இறங்கும், மறுபடியும் ஏறும். குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் அரைகுறையாக மூடிவிட்டுப் போன பள்ளங்கள் வேறு. வண்டியின் முன்சக்கரங்கள் உள்ளங்கை அளவுதான். முதல் நாளே பாலத்துக்கு அந்தப்புறம் ஒரு குழியில் சிக்கி, வண்டி முன்பக்கமாகக் குனிந்தது. மகளை ஒரு கையிலும் வண்டியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அப்போது அவளுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. மனைவியின் விடுப்பு முடிந்திருந்தது. என் அம்மா காலமாகிவிட்டார். மனைவியின் அம்மா படுக்கையில் கிடந்தார். நானும் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன்தான். யாராவது ஒருவர் ஊரில் நிற்க வேண்டும் என்று வந்தபோது, என் வேலைதான் விடுவதற்கு எளிதாக இருந்தது. விமான நிலையத்தில் மனைவி மகளை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பிப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்று பிறகு சொன்னாள்.

அதன்பின் வீட்டில் நானும் மகளும் மட்டும். அவள் தூங்கும் நேரத்தில் துவைத்தேன். விழித்திருக்கும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக் குளித்தேன். பைக் ஷெட்டில் தூசி படிந்து நின்றது. அவளை முன்னால் உட்கார வைத்து ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்கள் பக்கமும் உட்கார முடியவில்லை, ஆண்கள் பக்கமும் உட்கார முடியவில்லை. டீக்கடையில், என்னோடு படித்தவன் ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்: "ஏலே, பொண்டாட்டி சம்பாதிச்சு அனுப்புகா, நீ இஞ்ச வண்டி உந்துதியா?" நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போகவில்லை. போவதற்கு இருந்த இடங்களில் ஒன்று குறைந்தது. மாலையில் கேட்டைப் பூட்டும்போது, உள்ளே இருந்துகொண்டு என்னையே பூட்டிக்கொள்வது போலிருக்கும்.

ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்தது அப்படித்தான். எங்கள் ஊர் நிலையம் சின்னது. காலையிலும் மாலையிலும் பாசஞ்சர் நிற்கும். எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் போய்விடும். இரட்டைப் பாதைக்காக அங்கே புதிதாக ஒரு பிளாட்பாரம் போட்டிருந்தார்கள். வழவழவென்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராகக் கிடந்தது. ஆட்டோவில் வண்டியை மடித்துப் போட்டுக்கொண்டு போய், அங்கே விரித்துத் தள்ளினேன். சக்கரம் உருளும் சத்தமே கேட்கவில்லை. மகள் தலையைச் சாய்த்து வேப்பமரத்தையும் மின்கம்பிகளையும் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் நிமிர்ந்து நேராக நடந்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு முன்பே அந்தச் சமதரையைக் கண்டுபிடித்த இன்னொருவரும் இருந்தார். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு நடக்கும் அக்கா ஒருவர். "சுகர் ஏறிப் போச்சு. நடக்கச் சொல்லியாச்சு. ரோட்டில நடந்தா கால்முட்டு போயிரும். வேற எங்க போவ?" என்றார் முதல் நாள். அதன்பின் எதிரெதிராகக் கடக்கும்போது தலையை ஆட்டிக்கொள்வோம். அவ்வளவுதான் பழக்கம்.

மாலையில் நான் பிளாட்பாரத்தில் நிற்கும் நேரமும், மனைவி டியூட்டிக்குக் கிளம்புமுன் தன் அறையில் இருக்கும் நேரமும் ஒன்று. அங்கிருந்தே வீடியோவில் கூப்பிடுவேன். "எங்க நிக்கிய? வெளிச்சத்தில காட்டுங்க. கன்னம் ஒட்டிப் போச்சே," என்பாள். மகள் போனைப் பிடித்து நக்கப் பார்ப்பாள். ரயில் போவதை மகள் வாயைப் பிளந்து பார்க்கும் அழகு அவளுக்குப் பிடிக்கும். "அந்த முகத்தக் காட்டுங்க, அது போதும்," என்பாள்.

அன்று மழை பெய்து வெறித்திருந்தது. மகளைத் தண்டவாளத்தைப் பார்த்தபடி வண்டியில் உட்கார வைத்து, மஞ்சள் கோட்டிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி நிறுத்தியிருந்தேன். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பிரேக் மிதி உண்டு. இரண்டையும் மிதித்தேன் என்றே நினைத்தேன். இடதுபக்கத்து மிதி கீழே இறங்கியிருந்தாலும் பற்றவில்லை. ஈரமோ, மண்ணோ, தெரியாது. கைப்பிடியில் பால்பாட்டில், டயப்பர், துண்டு எல்லாம் திணித்த பை தொங்கியது.

தூரத்தில் ஹார்ன் கேட்டது. "டிரெயினா வருது? காட்டுங்க, காட்டுங்க," என்றாள் மனைவி. மகளின் முகமும் ரயிலும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று, போனை உயர்த்திப் பிடித்தபடி பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தேன். கைப்பிடியை விட்டது அப்போதுதான்.

நிற்காமல் போகும் ரயிலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் காற்றைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இன்ஜின் வந்ததும் முகத்தில் அறைந்ததுபோல் ஒரு தள்ளு. வண்டியின் குடை விரிந்திருந்தது. அதில் காற்று நிறைந்து, கைப்பிடியில் தொங்கிய பையின் கனமும் சேர்ந்து, வண்டி பின்னால் சாய்ந்தது. அடுத்த கணமே காற்று ரயிலின் பக்கமாக இழுத்தது. வலது சக்கரம் பூட்டிக்கிடக்க, இடது சக்கரம் உருண்டு, வண்டி ஒரு சுற்றுச் சுற்றி ஈரத்தில் வழுக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டை நோக்கிப் போனது.

நான் பாய்ந்தேனா விழுந்தேனா என்று தெரியவில்லை. குடைக்கம்பி கையில் சிக்கியது. என் பக்கமாக இழுத்தேன். வண்டி பக்கவாட்டில் சரிந்து என் மேலேயே விழுந்தது. முன்சக்கரம் கோட்டுக்கு அந்தப்புறம் சுழன்றுகொண்டிருந்தது. மகள் பட்டைக்குள் ஒருபக்கமாகச் சரிந்து தொங்கினாள். அவளை எடுக்க வேண்டுமென்றால் கம்பியை விட வேண்டும். கம்பியை விட எனக்குக் கை வரவில்லை. அப்படியே தரையில் கிடந்தேன். தலைக்குப் பக்கத்தில் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் இதுதான் கடைசி என்று நினைத்தேன். அடுத்தது வந்தது. அவள் அழுகிறாளா என்று காதில் விழவில்லை. அந்த ரயில் தீரவே இல்லை.

தீர்ந்ததும் முதலில் கேட்டது அவள் அழுகை. என் வாழ்க்கையில் அத்தனை நல்ல சத்தத்தைக் கேட்டதில்லை. நடக்கும் அக்கா மறுமுனையிலிருந்து ஓடி வந்தார். ஓடக்கூடிய உடம்பல்ல அவருக்கு. "எனக்க யேசுவே, எனக்க யேசுவே" என்று சொல்லிக்கொண்டே வண்டியை நிமிர்த்திப் பிடித்தார். பட்டையின் கொக்கியை அழுத்த என் விரலுக்கு வலு இல்லை. இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்து அழுத்திய பிறகுதான் விட்டது. மகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஈரத் தரையிலேயே சுவரோரமாக உட்கார்ந்தேன். அவள் நெற்றியில் சின்னச் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. தலை, கை, கால், விரல் என்று மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன்.

மனைவியை நான் மறந்தே போயிருந்தேன்.

போன் மல்லாந்து கிடந்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அதிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது; வார்த்தை இல்லாத குரல். அக்காதான் குனிந்து எடுத்தார். எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். என் மனைவி அதற்குமுன் பார்த்திராத முகம் அது.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல மக்களே. கரையாத, கண்ணத் துடை. நான் இஞ்ச பாத்துட்டுத்தான் நிக்கேன். ஒண்ணும் இல்ல."

மனைவி ஏதோ கேட்டாள்.

"உனக்க மாப்பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. இருக்காரு. இன்னா காட்டுதேன், பாரு," என்று போனை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் மனைவி யூனிஃபார்மில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மகளையே பார்த்தாள். நான் மகளைத் திரைக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தேன்.

அன்று இரவு டியூட்டியை முடித்துவிட்டு மனைவி காலையில்தான் பேசினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"வண்டி உருளுதது தெரிஞ்சுது. பிறகு வானம் மட்டும் தெரிஞ்சுது. டிரெயின் சத்தம் நிக்கவே இல்ல. நான் கட்டில்ல இருந்து எழும்பி ஓடிக் கதவத் திறந்தேன். திறந்த பிறகுதான் யோசிச்சேன், திறந்து எங்க போவ? வெளியில காரிடார்தான் இருக்கு."

நான் மகளின் நெற்றிச் சிராய்ப்பில் மருந்து தடவினேன்.

"இனி அங்க போவாண்டாம்," என்றாள்.

போகவில்லை. வண்டியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்தான். மகள் தவழ்ந்து போய் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எக்ஸ்பிரஸின் ஹார்ன் தோட்டத்தைத் தாண்டிக் கேட்கும்போது திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் அவளைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோவேன். நான் தாடி எடுப்பதை விட்டேன். பேசுவதையும் குறைத்தேன். மனைவி வீடியோவில் கூப்பிட்டால், மகளைக் காட்டிவிட்டு நான் திரைக்கு வெளியே உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "நீங்க எப்போ வெளிய போனிய?"

"கடைக்குப் போனேன்."

"அது இல்ல. சும்மா எப்போ போனிய?"

நான் மகளைத் தூக்கித் திரையில் காட்டினேன். மனைவி, "எனக்கு இந்த ரூமும் வார்டும்தான். உங்களுக்கும் அப்படி ஆகாண்டாம். பிள்ளையக் கொண்டு போங்க. ஆனா அங்க நின்னு என்னைக் கூப்பிடாதிய. திரும்பி வந்து கூப்பிடுங்க," என்றாள். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டபின் போனோம். இப்போது வண்டியைத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிறுத்துவதில்லை. சுவரோரமாக, தண்டவாளத்துக்கு இணையாகத்தான். இரண்டு பிரேக்கையும் மிதித்து, ஆட்டிப் பார்ப்பேன். குடையை மடித்துவிடுவேன். கைப்பிடியில் பை மாட்டுவதில்லை. ஹார்ன் கேட்டால் பட்டை போட்டபடியே இருக்கும் அவளை வண்டியோடு சுவரில் சேர்த்து, ரயில் போய் முடியும்வரை இரு கையாலும் பிடித்துக்கொள்வேன். அக்கா நடையை நிறுத்திவிட்டு வந்து, எதுவும் கேட்காமல் மறுபக்கம் ஒரு கை போடுவார். காற்று வரும். வண்டி அசையாது.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்த மனைவி, ஆள் பற்றாக்குறை என்று ஒப்பந்தத்தை இன்னொரு முறை புதுப்பித்தாள். சொல்வதற்கு முன் நீண்ட நேரம் மகளைக் கொஞ்சினாள். பிறகு சொன்னாள். செரி என்றேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மகள் திரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.