காலருக்கு அடியில் ஒரு குடித்தனம்

உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊசியக்கா ஜன்னலோரத்து எலுமிச்சைச் செடியிடம் குனிந்து, "எங்கடா இருக்கீங்க, வெளிய வாங்க" என்கிறார். இலையின் மேல் குருவி எச்சம் போல ஏதோ கிடக்கிறது. எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்துத் தினமும் சிரித்துக்கொள்கிறார்.

தையற்கடையில் துணி வெட்டுவது கணவர், தைப்பது அக்கா. "செடி வளக்கிறியா, புழு வளக்கிறியா? ஒரு இலை மிச்சமில்ல" என்பது கணவரின் அன்றாடப் புலம்பல். "உங்க வீட்டு ஆளுங்க வந்தா மட்டும் குறைச்சலாவா சாப்பிடறாங்க?" என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து பதில் வரும்.

வளர்ந்த புழுவை லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றத்தைக் கிளப்பும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, அவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்ப்பதில் அக்காவுக்கு அலாதி ஆனந்தம். "அதுகிட்ட கத்தியா இருக்கு, கம்பா இருக்கு? பாவம், அதுக்குத் தெரிஞ்ச சண்டை அவ்வளவுதான்."

சமீபத்தில் ஜன்னல் பக்கத்துக் கம்பியில், அதே தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் கடிகாரக்காரரின் பழுப்பு நிறக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தைத்து முடித்தாயிற்று, இஸ்திரி மட்டும் பாக்கி. காலரைத் தூக்கினால், அடியில் சின்னச் சருகு ஒன்று ஒட்டியிருந்தது. அக்கா நகத்தால் சுரண்டப் போனார். சருகு வெடுக்கென்று நெளிந்தது. "ஐயோ!" என்ற கூச்சலில் ஊசிகள் நாலா பக்கமும் சிதறின. செடியிலிருந்து காணாமல் போன புழுதான் கூட்டுப்புழுவாகி, துணியின் நிறத்திலேயே, இடுப்பில் ஓர் இழையைக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறியிருந்தது. "தினம் பாக்கறவளையே ஏமாத்திட்டியே, கள்ளா!" அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் பிழைக்குமோ என்னவோ. அந்தப் பரீட்சைக்கு அவர் துணியவில்லை.

சிக்கல் கடிகாரக்காரரால் வந்தது. மகளின் பட்டமளிப்பு விழாவுக்கென்று தைக்கக் கொடுத்தவர். தெருவிலேயே பெரிய முசுடு. அவர் முதலில் வந்தபோது அக்கா கோட்டைத் திரைச்சீலைகளுக்குள் மறைத்துவிட்டு, "இன்னும் முடியலைங்க" என்றார். அடுத்த தடவை, "காலர் கோணிக்கிச்சு, பாக்கவே சகிக்கல" என்று தான் தைத்ததையே பழித்தார். பிறகும் வந்து அவர் உள்ளே எட்டிப் பார்க்கவே, அக்கா "தொணதொணன்னு வந்து நின்னா கை ஓடுமா?" என்று சீறினார். கணவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "நீ புழுவாவே ஆயிட்ட. கொம்பு ஒண்ணுதான் முளைக்கல."

விழா அன்று காலையில் கடிகாரக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "கோட்டைக் குடுங்க. என் பொண்ணு இன்னைக்கு மேடையேறப் போறா." அக்காவிடம் எல்லா வித்தையும் தீர்ந்துபோயிருந்தது. முந்தின நாளே கூடு கறுத்துவிட்டதால் உள்ளே இருப்பது இன்று வெளிவரும் என்று தெரியும். கோட்டை எடுத்துவந்து காலரைத் தூக்கினார். பிளந்த கூட்டைப் பற்றிக்கொண்டு, கசங்கிய ஈரச் சிறகுகளோடு வண்ணத்துப்பூச்சி தொங்கியது.

"இது காயற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டீங்கன்னா..." அக்கா காலரைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

கடிகாரக்காரர் பையிலிருந்து, கடிகாரம் பார்க்கும் உருப்பெருக்கி வில்லையை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "அந்த ஃபேனை நிறுத்துங்க, காத்து அடிக்குது" என்றார். மூவரும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவழியாகப் பூச்சி எழும்பி, குறுக்கும் நெடுக்குமாகத் தடுமாறி ஜன்னல் வழியே போயிற்று. "என்ன இது, குடிச்ச மாதிரி போவுது!" என்று பதறினார் கடிகாரக்காரர். "அப்படிப் போனாத்தாங்க பறவைக்குக் குறி தப்பும்." அக்காவின் முகமெல்லாம் பல்.

"இஸ்திரி போடலையே" என்று கணவர் இழுத்தார். "அதெல்லாம் யாருய்யா பாக்கறா!" என்று கைகளை நீட்டினார் தெருவின் பெரிய முசுடு.

அக்கா கோட்டை மாட்டிவிட்டார். காலரில் வெறுங்கூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்க நகத்தை நீட்டியவர், நிறுத்தி, காலரை அதன்மேல் மெல்ல மடித்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டினார்.