விலை சொல்லாத வாய்

போன வாரம் எர்ணாகுளத்தில் ஒரு வர்த்தகக் கண்காட்சி. அதில் ஒரு ஸ்டாலில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். என்னை! கல்யாண வீட்டில்கூட ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருகிறவன் நான்.

வாரா வாரம் இந்தப் பத்தியில் இவ்வளவு பேசுகிறாயே என்பீர்கள். பேனா பேசும்... வாய் பேசாது. எனக்குச் சோறு போடுவது மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கு ஒன்றில் பார்க்கும் மேனேஜர் வேலைதான்.

அந்தக் கிடங்குக்கே இப்போது கஷ்டகாலம். பழைய வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "புதுசா ஒரு பார்ட்டியாவது பிடிச்சுட்டு வாங்க. இல்லேன்னா இந்த மாசத்தோட மூடிடறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அங்கே சுக்கைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்கள் பதினொரு பேர்.

நான் கிளம்பும்போது அவர்களில் மூத்தவளான சண்முகத்தாய் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கி, பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டவள்.

"ஸாரே, இது நாங்களே பாத்துப் பாத்துப் பொறுக்கினது. ஒண்ணுல கூட வண்டு கிடையாது. பார்ட்டி கையிலயே கொடுக்கணும், கேட்டோ!"

முதல் நாள் முழுக்கச் சுவரோடு சுவராக இருந்தேன். பையில் நூறு விசிட்டிங் கார்டு. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒருவர் தானாகவே வந்து நின்றார். மெட்ராஸில் மசாலாப் பொடி கம்பெனி வைத்திருக்கிறாராம். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டை ஒடித்து முகர்ந்தார்.

"இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்லை சார். என்ன விலை சொல்றீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்க தரகர் வந்து பேசுவார்."

எங்கள் பஜாரில் அதுதான் வழக்கம். விற்கிறவன் தன் வாயால் விலை சொல்ல மாட்டான். நடுவில் தரகர் வேண்டும். இருபது வருஷமாக ஒருவர் முகத்தைப் பார்த்து நான் விலை சொன்னதில்லை.

"தரகர் எங்கே?"

"மட்டாஞ்சேரியில..."

அவர் சிரித்தார். பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தார். அங்கே இருந்தவர் கேட்பதற்கு முன்பே விலையைச் சொல்லி, கார்டைக் கையில் திணித்து, சாயா குடிக்க அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். அவருடைய விலாசத்தையாவது கேட்டிருக்கலாம். நான் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பஜார் வழக்கம், மரியாதை என்றெல்லாம் படகில் திரும்பும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். வெறும் கூச்சம். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

முதலாளியிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். மாசக் கடைசியோடு சரி என்றார். வெளியே வந்தால் சண்முகத்தாய் நிற்கிறாள்.

"பொட்டலத்தைக் கொடுத்தீங்களா ஸாரே?"

"கொடுத்தேன்."

"என்ன பறஞ்சாங்க?"

"இவ்வளவு சுத்தமா பார்த்ததே இல்லைன்னார்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடி மற்ற பத்துப் பேரிடமும் சொன்னாள். கிடங்கு மூடப்போவதைச் சொல்லாமலே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவளிடம் சொல்ல முடியாததைத்தான் உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால், சண்முகத்தாய்க்கு வாசிக்கத் தெரியாது. நாளைக் காலையில் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.